555 நோட்டும் இலங்கைக் கடன்பத்திரமும்

2022 அக்டோபரில் பேங்கிலிருந்து வந்த கணக்கறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் பசார் பக்கம் நாங்கள் வழக்கமாக உட்காரும் ஒட்டுக்கடைக்குப் போனேன். தோட்டத்தில் 31 வருடம் கிராணி (கணக்கெழுதும்) வேலை பார்த்து வாங்கிய பணத்தில் 30,000 வெள்ளியை (ரிங்கிட்டை) 2019-ல் ஒரு யூனிட் டிரஸ்டில் போட்டிருந்தேன். வளரும் நாடுகளின் அரசாங்கக் கடன்பத்திரங்களை வாங்கும் நிதி அது. விற்ற பெண், "கடன்பத்திரம் அங்கிள், பங்கு மாதிரி ஆடாது" என்றாள். அறிக்கையில் இருந்த தொகை 24,000 சொச்சம்.

"இலங்கைக்காரன் கவுத்துட்டான் அண்ணே" என்று தாளைப் பிரித்து வைத்தேன். எதிரில் இருந்தவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தவர். கடையில் எல்லாருக்கும் அவர் ரயில்வே அண்ணன்.

அவர் தே தாரேக்கை ஆற்றியபடியே கேட்டார். "சண்டை நடந்த 26 வருசமும் வெளிக்கடனை அவன் ஒரு தவணை தவறாமக் கட்டினான். சண்டை முடிஞ்சு 13 வருசம் கழிச்சு, ஊர் அமைதியா இருக்கேக்க கையை விரிக்கிறான். அது எப்படி தம்பி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கணக்கு எழுதியே வாழ்ந்தவனுக்கு அது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அன்றிலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் இதைத்தான் தேடித் தேடிப் படித்தேன்.

முதலில் கடன்பத்திர விலை என்றால் என்னவென்று எனக்கே நான் விளக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கைகொடுத்தது 555 நோட்டு. எங்கள் தலைமுறையில் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு கடைக்கடன் எழுதும் அந்தச் சின்ன நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அரிசி, கருவாடு, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் தவுக்கே (சீன முதலாளி) கடையில் கடனுக்கு எடுத்து, சம்பளத்தன்று கட்டுவோம். இப்போது தவுக்கேக்கு அவசரமாகப் பணம் வேண்டும், அந்த நோட்டையே இன்னொருவருக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 100 வெள்ளி பாக்கி எழுதியிருக்கிறது. தோட்டத்தில் தினமும் காலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் எடுப்பது) நடக்கிறது, வேலை ஒழுங்காக இருக்கிறது என்றால் வாங்குபவர் 98 கொடுப்பார். அடைமழை, மூன்று வாரமாக ரப்பர்ப் பால்வெட்டு இல்லை என்றால் 70. தோட்டத்தையே துண்டு போட்டு விற்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டால் 40-க்கும் ஆள் கிடைப்பது கஷ்டம். உள்ளே எழுதிய பாக்கி மாறவே இல்லை. கட்டுவார்களா என்ற சந்தேகத்துக்குத்தான் விலை.

அரசாங்கப் பத்திரமும் இப்படித்தான். இலங்கை தன் முதல் சர்வதேசக் கடன்பத்திரத்தை விற்றது 2007 அக்டோபரில், போர் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில். 50 கோடி டாலர், 5 வருடத் தவணை, வட்டி 8.25 சதவீதம். அப்படி ஒரு 100 டாலர் பத்திரம் சந்தையில் 60-க்கு விழுந்தால், புதிதாக வாங்குபவருக்கு 60 போட்டு வருடம் 8.25 வருகிறது. அதாவது 13.75 சதவீதம். யாராவது உங்களிடம் "13 சதவீதம் வருமானம் தரும் அரசாங்கப் பத்திரம்" என்று ஆசை காட்டினால், அந்த 13-க்குள் ஏற்கெனவே பலபேர் பயந்து விற்றுவிட்டுப் போன கதை இருக்கிறது. கூட்டு, அதாவது சீட்டு, பிடித்தவர்களுக்கு இது புரியும். அதிகம் தள்ளிக் கேட்பவர் யார் என்று பார்த்தால், நெருக்கடியில் இருப்பவராகத்தான் இருப்பார்.

சரி, போர் வந்தால் இந்த விலை ஏன் விழுகிறது? ஆள் சாவதாலும் ஊர் எரிவதாலும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் ஊரிலேயே பதில் இருந்தது.

1948 ஜூன் 16-ல் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. ஏட்டில் அதை யாரும் போர் என்று எழுதவில்லை. தோட்டத்து லய வீடுகளில் இருந்தவர்களுக்கு வேறு பெயர் தேவைப்படவும் இல்லை. அப்பாவுக்கு அப்போது 18 வயது. அவர் அடிக்கடி சொன்னது துப்பாக்கிச் சத்தத்தைப் பற்றி அல்ல. அந்த மாதம் கடைக்காரத் தவுக்கே கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டார், அதைத்தான் சொல்வார். "காசு கொண்டா, சாமான் கொண்டுபோ." அதே குடும்பங்கள், அதே பாக்கி. ஆனால் நாளைக்குத் தோட்டம் திறந்திருக்குமா, லாரி வருமா, சம்பளம் வருமா என்று தவுக்கேக்குத் தெரியவில்லை. அப்புறம் முள்வேலி வந்தது. காலையில் வெட்டுக்குப் போகும்போது வேலிக் கதவில் ஆளைத் தடவிப் பார்ப்பார்கள், காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசி போய்விடுகிறதா என்று. பாட்டி கட்டிக் கொடுத்த சோற்றைப் பிரித்துக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள் என்பதை மட்டும் அப்பா கடைசிவரை மறக்கவில்லை.

அந்தச் சண்டைக்கு யார் பணம் கட்டினார்கள்? 400-க்கும் மேற்பட்ட புதுக்கிராமங்கள், 5 லட்சம் பேர் இடமாற்றம், போலீஸ், ராணுவம். பிரிட்டன் கொஞ்சம் கொடுத்தது. ஆனால் மலாயாவின் கஜானாவைக் காப்பாற்றியது கொரியாவில் 1950 ஜூனில் மூண்ட போர். 1949-ல் ராத்தல் 40 காசுக்குச் சுற்றிக்கொண்டிருந்த ரப்பர், 1951 தொடக்கத்தில் 2 வெள்ளியைத் தாண்டியது. ஈயமும் ஏறியது. ஏற்றுமதி வரி கொட்டியது. வேலிக்குள் அடைபட்டவர்கள் வெட்டிய பாலிலிருந்துதான் அந்த வேலிக்கும் காசு வந்தது.

இதை அண்ணனிடம் சொன்னேன். உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப சண்டை எங்க நடக்குது எண்டது ரெண்டாவது. வரி எந்த வாசல் வழியா வருது, அந்த வாசல் ஆர் கையில, அதுதான் முதல்." நான் ஒரு பக்கம் எழுத வேண்டியதை ஒரே வாயில் சொல்லிவிட்டார்.

இந்த வாசல் விஷயம் அமெரிக்க உள்நாட்டுப் போரில் பளிச்சென்று தெரிகிறது. 1863-ல் தென்மாநிலங்கள் ஐரோப்பாவில் 30 லட்சம் பவுனுக்கு ஒரு பத்திரம் விற்றன. வட்டி 7 சதவீதம், 100-க்கு 90 என்று வெளியீடு. அதோடு ஒரு தூண்டில்: வேண்டுமானால் பத்திரத்தைக் கொடுத்து ராத்தல் 6 பென்ஸ் விலையில் பருத்தி வாங்கிக்கொள்ளலாம். இங்கிலாந்தில் அப்போது பருத்தி அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் விற்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பருத்தி கிடந்தது முற்றுகைக்குள்ளே. தென்னாட்டின் பெரிய துறைமுகமான நியூ ஆர்லியன்ஸ் 1862-லேயே கைமாறிவிட்டது. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கிலும் விக்ஸ்பர்க்கிலும் தோற்றதும் பத்திர விலை சரிந்தது. போர் முடிந்த பிறகு அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தம் அந்தக் கடன் செல்லாது என்றே எழுதிவிட்டது. ஜெயித்த பக்கமும் சும்மா தப்பவில்லை. 1864 ஜூலையில் வடக்கின் காகித டாலர், தங்கக் கணக்கில் 35 காசு அளவுக்கு இறங்கியது. அங்கே பருத்தி முடங்கியதால் பம்பாயில் பணம் புரண்டது, திருநெல்வேலிப் பருத்திக்கும் கிராக்கி வந்தது. 1865-ல் போர் முடிந்ததும் பம்பாயில் பங்கு வாங்கியவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். எங்கள் ரப்பருக்குக் கொரியா மாதிரி அவர்களுக்கு அமெரிக்கா.

செல்லாமல் போன பத்திரத்தைக் கண்ணால் பார்க்க நான் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பசாரில் எனக்குத் தெரிந்த சாமான் கடையில், கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் ஒரு சீனப் பத்திரம் தொங்குகிறது. பல வருடம் அது ஏதோ சாமி படம் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேன். ஜப்பானை எதிர்க்க 1937-ல் சீன அரசாங்கம் விற்ற பத்திரமாம், தவுக்கேயின் தாத்தா ஈயலம்பத்தில் (ஈயச் சுரங்கத்தில்) வேலை செய்த காசில் வாங்கினாராம். ஓரத்தில் வட்டிக் கூப்பன்கள் கத்தரிக்காமல் வரிசையாக அப்படியே இருக்கின்றன. ஜப்பான் போர் முடிந்தது, உள்நாட்டுப் போர் பெருத்தது. 1948 ஆகஸ்டில் சீனா புதுப்பணம் கொண்டுவந்தபோது பழைய பணம் 30 லட்சத்துக்கு ஒரு புதுப்பணம். அந்தப் புதுப்பணமும் ஒரு வருடம் தாங்கவில்லை. 1949-ல் வந்த புது அரசாங்கம் பழையவர்களின் கடனை ஏற்கவில்லை. "தாத்தா வட்டி கேக்கல, அதனால நட்டம் இல்ல" என்று தவுக்கே சிரித்தார். எனக்கு அதை முழுசாக நம்ப முடியவில்லை.

இனி அண்ணன் கேட்ட கேள்வி.

இலங்கையில் போர் நடந்தது பெரும்பாலும் வடக்கிலும் கிழக்கிலும். அரசாங்கத்துக்கு வருமானம் வந்த வாசல்கள் தெற்கில்: கொழும்புத் துறைமுகம், மலையகத் தேயிலை, ஆடைத் தொழிற்சாலைகள், வளைகுடாவில் வேலை செய்த பெண்கள் அனுப்பிய பணம். அந்த வாசலில் அடி விழுந்தபோதெல்லாம் பொருளாதாரம் ஆடிப்போனது. 1996 ஜனவரி 31-ல் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு. 2001 ஜூலை 24-ல் கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதல், அதன் பிறகு கப்பலுக்கும் விமானத்துக்கும் போர்க்காலக் காப்புறுதிக் கட்டணம் ஏறியது. அந்த வருடம்தான் சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவையாக நாட்டின் பொருளாதாரம் சுருங்கியது. இருந்தும் வெளிக்கடன் தவறவில்லை. அந்தக் காலத்து வெளிக்கடனில் பெரும்பகுதி உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஜப்பான் போன்றவர்கள் குறைந்த வட்டிக்கும் நீண்ட தவணைக்கும் கொடுத்தது.

உள்ளூர்க் கடனுக்கு அந்தச் சலுகை இல்லை. 2008 கடைசியில் ஒரு வருடத் திறைசேரி உண்டியலுக்கு (அரசாங்கத்தின் குறுகிய காலக் கடன்பத்திரத்துக்கு) வட்டி 19 சதவீதம். 2009 மே மாதம் போர் முடிந்தது, அந்த வருடக் கடைசியில் அதே உண்டியல் 9 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. 19-ல் நீண்ட காலப் பத்திரத்தைப் பூட்டி வைத்தவர்களுக்கு யோகம். கொழும்புப் பங்குச் சந்தை அந்த ஒரே வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. யார் செத்தார்கள், எத்தனை பேர் என்று சந்தை கேட்கவில்லை. முள்ளிவாய்க்கால் நடந்த அதே மாதங்களில் இந்தக் கோடு மேலே போவதைப் படத்தில் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அண்ணனிடம் அந்தப் படத்தை நான் காட்டவில்லை.

வடக்கின் காசுக் கதையை அவர்தான் சொன்னார். புலிகள் தங்கள் பகுதியில் வரி வசூலித்தார்கள், வங்கி நடத்தினார்கள். ஆனால் அங்கே வேலை பார்த்த வாத்தியார்களுக்கும் கச்சேரி (அரசாங்க அலுவலக) ஊழியர்களுக்கும் சம்பளம் கொழும்பிலிருந்து போய்க்கொண்டிருந்தது. சண்டை போடும் அரசாங்கமே எதிரி பிடித்து வைத்திருக்கும் ஊருக்குச் சம்பளம் கட்டுகிறது, அந்தச் சம்பளம் அங்கே செலவாகும்போது எதிரி வரி எடுக்கிறான். 2006 ஆகஸ்டில் ஏ-9 சாலை மூடியதும் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் கப்பலில்தான். விலை எகிறியது. அவருடைய சித்தி வீட்டில் ஒவ்வொரு காப்பாக அடகுக்குப் போனதாம். போர் முடிந்ததும் வங்கிகளும் லீசிங் கம்பெனிகளும் வடக்குக்கு ஓடி வந்தன. வருமானம் திரும்புவதற்கு முன்னாலேயே கடன் வந்து இறங்கியது. நுண்கடன் வாங்கிய பெண்கள் கட்ட முடியாமல் தவித்து, 2018-ல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் அரசாங்கமே அந்தக் கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது.

அரசாங்கமும் அதே மாதிரிதான் நடந்துகொண்டது. போர் முடிந்தது, நடுத்தர வருமான நாடு என்று பெயர் வந்தது, சலுகைக் கடன் குறைந்தது, சந்தையில் விலைக்குக் கடன் வாங்கத் தொடங்கினார்கள். சாலை, துறைமுகம், விமான நிலையம் எல்லாம் டாலர் கடனில் எழுந்தன. டாலர் சம்பாதிக்கும் வழி மட்டும் அந்த வேகத்தில் வளரவில்லை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அந்த டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15-லிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது, கோவிட், 2021-ல் ரசாயன உரத்துக்குத் தடை. 2022 ஏப்ரல் 12-ல் வெளிக்கடனைக் கட்டப்போவதில்லை என்று அறிவித்தார்கள். மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபாய், மே மாதம் 360. போர்க்காலத்தில் சலுகையாக வந்த கடன் அடங்கியிருந்தது. அமைதியை நம்பி வாங்கியதுதான் கழுத்தைப் பிடித்தது.

எத்தியோப்பியாவும் கிட்டத்தட்ட இதே வழியில் போனது. 2020 நவம்பரில் திக்ராய் போர் தொடங்கி 2022 நவம்பரில் பிரிட்டோரியாவில் சமாதானம் கையெழுத்தானது. பத்திர வட்டி 3.3 கோடி டாலரைக் கட்டாமல் விட்டது 2023 டிசம்பரில், சண்டை ஓய்ந்து ஒரு வருடம் கழித்து.

இதெல்லாம் படித்த பிறகுதான் என் நிதியின் மாதத் தாளை ஒழுங்காக எடுத்துப் பார்த்தேன். முன்னாலேயே பார்த்திருக்க வேண்டிய தாள், மூன்று வருடமாக மின்னஞ்சலில் திறக்காமலே கிடந்தது. இலங்கைக்கு அதில் இருந்தது 2 சதவீதத்துக்கும் குறைவு. முழுசாகப் போயிருந்தாலும் எனக்கு 600 வெள்ளிதான் நட்டம். மிச்சம் 5,000-த்துக்கு மேல் எங்கே போனது? 2022 செப்டம்பருக்குள் அமெரிக்க மத்திய வங்கி தன் வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டிய இடத்திலிருந்து 3 சதவீதத்துக்கு மேலே கொண்டுபோயிருந்தது. புதுப் பத்திரம் அதிக வட்டி கொடுத்தால் பழைய பத்திரத்தை யார் முழு விலைக்கு வாங்குவார்கள்? தவணை நீளமாக நீளமாக அடி பெரிது. என் நிதியில் சராசரித் தவணை 10 வருடத்துக்கு மேல். செய்தியில் கூட்டமும் புகையும் காட்டிய நாட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன், என் காசைத் தின்றது சத்தமில்லாத ஒரு வட்டி முடிவு.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "சும்மா கிடந்த எங்கட சனத்தைத் திட்டினியே" என்றார். அவருக்கு ஒரு மீ கோரேங் வாங்கிக் கொடுத்தேன்.

உண்மையில் அடி வாங்கியவர்கள் வேறு. 2023 நடுவில் இலங்கை உள்நாட்டுக் கடனைத் திருத்தியமைத்தபோது வங்கிகளை விட்டுவிட்டு ஊழியர் சேமநிதியிடம் இருந்த திறைசேரி முறிகளை (அரசாங்கத்தின் நீண்ட காலக் கடன்பத்திரங்களை) மாற்றினார்கள். பழைய முறிகளுக்குப் பதில் நீண்ட தவணையில் புதியவை, வட்டி 2025 வரை 12 சதவீதம், அப்புறம் 9. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் சேமநிதியும் அதில்தான் இருக்கிறது. வெளிநாட்டுப் பத்திரக்காரர்கள் வக்கீல் வைத்துப் பேசி 2024 டிசம்பரில் அசலில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, நாடு நன்றாக வளர்ந்தால் கூடக் கிடைக்கும் என்ற பத்திரம் வாங்கிக்கொண்டார்கள். அவளுக்கு வக்கீல் யார்? தோட்டத்தில் செக்ரோல் (ஆட்களின் சம்பளக் கணக்கு) எழுதி, ஒவ்வொரு ஆளுக்கும் மாதாமாதம் சேமநிதி பிடித்த கை என்னுடையது. இதைப் படித்த இரவு தூக்கம் சரியாக வரவில்லை. நம் நாட்டில் சேமநிதியின் வழக்கமான கணக்குக்குக் குறைந்தது 2.5 சதவீத லாப ஈவு சட்டத்திலேயே இருக்கிறது, 2022-க்குக் கொடுத்தது 5.35. அதை விட்டுவிட்டு எடுத்துக் கொண்டுபோய் ஆசைக்குப் போட்டவன் நான்.

அந்த நிதியில் பாதியை விற்றுவிட்டேன். மீதியை வைத்திருக்கிறேன், நல்ல பெயருக்காக இல்லை, விழுந்த விலையில் முழுசாக விற்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். அது சரியான காரணம் இல்லை என்று எனக்கே தெரியும். இப்போது யார் எந்தப் பத்திரத்தைக் காட்டினாலும் நான் கேட்பது கொஞ்சம்தான். எந்த நாட்டுக் காசில் எழுதிய கடன், அந்தக் காசை அந்த நாடு எதை விற்றுச் சம்பாதிக்கிறது, தவணை எத்தனை வருடம். விற்க வருபவருக்கு இரண்டாவது கேள்வியிலேயே வேறு வேலை ஞாபகம் வந்துவிடுகிறது.

போன மாதம் அண்ணனுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி மகன் போன் பண்ணினார். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, திறைசேரி முறி வாங்கலாமா, 10 வருடத்துக்கு நல்ல வட்டி சொல்கிறார்கள் என்று. அண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "பணம் எப்ப வேணுமாம், கேளுங்க" என்றேன். கேட்டார். தை மாதம் மகளுக்குக் கல்யாணமாம்.

"3 மாத உண்டியல் போதும்னு சொல்லுங்க அண்ணே."

அதைச் சொல்லிவிட்டு, அண்ணன் கல்யாணச் சாப்பாடு பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.